மாடித் தண்ணி ஏன் கீழ வர மாட்டேங்குது? டெல்டா வீடுகள்ல மழைநீர் பைப் அடைக்கிற கதை

ஐப்பசி பொறந்து ரெண்டு மழை நல்லா அடிச்ச உடனே நம்ம பக்கத்துல பிளம்பருங்க யாரும் போன் எடுக்க மாட்டாங்க. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை எங்க கேட்டாலும் ஒரே புகார்தான், மாடியில தண்ணி நிக்குது, சுவத்துல ஓதம் ஏறுது, மழைநீர் தொட்டியத் தொறந்து பாத்தா ஒரு சாண் தண்ணி கூட இல்ல. உடனே பைப் சரியில்ல, தொட்டி சரியில்ல, கட்டுன கொத்தனார் சரியில்லன்னு ஆரம்பிச்சுடுவாங்க. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல வீடுகள்ல இது எதுவுமே காரணமில்ல. ஆடி மாசம் மாடியில வந்து விழுந்த குப்பை ஐப்பசி வரைக்கும் அங்கயே கெடந்து, பெரிய மழையில மொத்தமா பைப்புக்குள்ள எறங்கி, ஏதோ ஒரு வளைவுல போயி உக்காந்துடுது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த பைப் எல்லா வீட்டுக்கும் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கலாம். 2003ல ஜெயலலிதா முதல்வரா இருந்தப்போ அவசரச் சட்டம் போட்டு புதுசு பழசு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு ஆக்குனாங்க. மழையும் பொய்ச்சு, காவிரியிலயும் தண்ணி வராம, டெல்டாவுல குறுவை கைவிட்டுப் போன வருஷங்கள் அது, அதனால மக்களும் பெருசா முணுமுணுக்காம கட்டுனாங்க. ஆனா கெடு நெருங்க நெருங்க அவசர அவசரமா மாட்டுனதுதான் நெறைய: மாடியிலேர்ந்து எறங்குற பைப்புக்கு அடியில ஒரு எல்போ (வளைவுத் துண்டு), அங்கேர்ந்து தரையோட படுக்க ஒரு பைப், முடிவுல மூணடிக்கு மூணடி ஒரு குழி, உள்ள கருங்கல் ஜல்லி, கூழாங்கல், மேல மணல். இருவது வருஷம் தாண்டிப் போச்சு. அந்த மணல ஒரு தடவையாவது அள்ளிக் கழுவிப் போட்ட வீடு நம்ம தெருவுல எத்தனைன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

எவ்வளவு தண்ணி போகுதுன்னு தெரிஞ்சாத்தான் இது மேல ஒரு அக்கறை வரும். கணக்கு ரொம்ப சுலபம், ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். ஆயிரம் சதுரடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர், அப்ப ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர். தளம் உறிஞ்சுறது, தெறிக்கிறது, ஆவியாகுறதுன்னு அஞ்சுல ஒரு பங்கு கழிச்சுக்கிட்டாலும் 700 லிட்டருக்கு மேல கையில நிக்கும். சீர்காழியில 2022 நவம்பர்ல ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழை அதே ஆயிரம் சதுரடி மாடியில விழுந்தா கிட்டத்தட்ட 41,000 லிட்டர். இவ்வளவும் நாலு இன்ச் ஓட்டை ஒண்ணோ ரெண்டோ வழியாத்தான் எறங்கியாகணும், வேற வழி கெடையாது, அந்த ஓட்டை மேல ஒரு வாதாம் இலை வந்து ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்னு யோசிங்க.

இலைன்னு மட்டும் சொன்னா பத்தாது. டெல்டா மாடியில குப்பைக்குன்னு ஒரு பஞ்சாங்கமே இருக்கு. மாசி பங்குனியில வேப்பமரம் இலைய மொத்தமா உதுக்கும், அப்பறம் பூ, ஆனி ஆடியில வேப்பம்பழம். காக்கா, மைனா எல்லாம் பழத்தத் தின்னுட்டு கொட்டைய நம்ம கைப்பிடிச் சுவர் மேல உக்காந்து போடும். அம்மியையே பறக்க வைக்கிற ஆடிக்காத்து தென்னம்பாளை, பன்னாடை, பக்கத்து வீட்டு பால் பாக்கெட், கிழிஞ்ச பாலித்தீன் எல்லாத்தையும் கொண்டாந்து மாடி மூலையில ஒதுக்கிடும். அதோட நம்ம ஊருக்குன்னே ஒரு விசேஷம் உண்டு, குறுவை அறுவடை புரட்டாசி ஐப்பசியில வரும், அறுவடை மெஷின் வயல்ல ஓடும்போது எழும்புற தூசியும் பதரும் காத்தடிக்கிற பக்கத்து வீட்டு மாடியில எல்லாம் மெல்லிசா படிஞ்சிரும். அதாவது பெரிய மழைக்கு சரியா ரெண்டு மூணு வாரம் முன்னாடி. பதர் சின்னதா இருக்கேன்னு அலட்சியமா விட்டுடுவோம், ஆனா ஈரமான பதரும் தூசியும் சேந்து பைப் வாயில மாட்டுற ஓட்டை போட்ட மூடியில, அதாவது ஜாலியில ஒட்டுனா அது மேல தண்ணி குளமா நிக்கும், சொட்டு கூட எறங்காது. போதாததுக்கு நாமளே மாடியில உளுந்து பயறு காயப் போடுறோம், வத்தல் வடகம் போடுறோம், அமாவாசைக்கு காக்காவுக்கு சோறு வைக்கிறோம், பூந்தொட்டி வைக்கிறோம், தொட்டிக்கு ஊத்துற தண்ணியோட செம்மண் கரைஞ்சு நேரா பைப் வாய்க்குத்தான் போகுது.

சரி, இதெல்லாம் எங்க போயி நிக்குது? பைப் முழுக்க ஒரே சீரா அடைக்காது. அடைப்பு உக்கார்ற எடம் மூணுதான்.

மொத எடம் மாடியில இருக்குற வாய். இங்க நெறைய பேரு தட்டையான ஜாலிய வச்சுடுறாங்க, தரையோட தரையா அழகா இருக்கும். தண்ணி உள்ள இழுக்கும்போது அதோட வர்ற மொத இலை தட்டை ஜாலி மேல படுத்துக்கும், மேல நிக்கிற தண்ணியோட எடையே அத அழுத்திப் பிடிச்சுக்கும், ரெண்டாவது இலை மிச்ச ஓட்டைய மூடும். குமிழ் மாதிரி மேல எழும்புன ஜாலி இருந்தா அடிப்பக்கம் குப்பை சேந்தாலும் மேல் பக்கத்து ஓட்டை வழியா தண்ணி உள்ள போயிக்கிட்டே இருக்கும். கடையில ரெண்டுக்கும் பெருசா விலை வித்தியாசம் இல்ல, ஆனா கட்டுறப்ப யாரும் கேட்டு வாங்குறதில்ல. இன்னும் சில பேரு ரொம்ப சுத்தம் பாக்குறேன்னு பைப் வாயிலயே கொசுவலையக் கட்டி விடுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது அஞ்சு நிமிஷ மழைக்குக் கூடத் தாங்காது. மாடி வாயில பெரிய கண்ணு ஜாலி, கீழ தொட்டிக்கு உள்ள போற எடத்துல நைஸ் வலை, இதுதான் சரியான வரிசை. மாடியில இலை கொட்டை நிக்கணும், கீழ பொடிசும் கொசுவும் நிக்கணும். எல்லாத்தையும் ஒரே எடத்துல நிறுத்தப் பாத்தா தண்ணியும் சேந்து நின்னுடும்.

ரெண்டாவது எடம் வளைவு. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்க சித்தப்பா வீட்டுல போன வருஷம் இந்த வேலை நடந்தப்ப கூட நின்னு பாத்தேன். வந்த பிளம்பர் சின்னப் பையன், ஸ்குரூடிரைவர் பிடியால பைப்ப மேலேர்ந்து தட்டிக்கிட்டே வந்தான், டங் டங்னு காலியா வந்த சத்தம் சன்ஷேடுக்குக் கீழ வந்ததும் பொத்துன்னு மாறிடுச்சு. "இங்கதாங்க ஐயா உக்காந்துருக்கு"ன்னான். "ஆசிட் ஊத்தி விட்டா எறங்கிடாதா தம்பி?"ன்னு சித்தப்பா கேட்டாரு. "மண்ண ஆசிட் என்னங்க பண்ணும், அறுத்துடுவோம்"னு சொல்லி ரம்பத்த எடுத்துட்டான். அறுத்து எடுத்த எல்போவ நெடுக்க பொளந்து பாத்தா அடியில ரெண்டு விரக்கடை கனத்துக்கு நைஸ் மண்ணு, தட்டோட்டு இடுக்குல இருந்து அரிச்சு வந்த சிமெண்டு மணலும் தூசியும் சேந்து கெட்டியானது. அதுல பதிச்சு வச்ச மாதிரி வரிசையா வேப்பங்கொட்டை. அது மேல அணில் கொண்டாந்து வச்ச தேங்கா நாரு, கொஞ்சம் வைக்கோல், ஒரு இறகுப்பந்தோட பாதி. அதுக்கும் மேலதான் இலை, கருத்துப் போயி கூழா.

அந்த அடுக்கு வரிசையப் பாத்தாலே அடைப்பு எப்படி உருவாகுதுன்னு புரியும். நேரா விழுற தண்ணி வேகமா வரும், மண்ண சுமந்துக்கிட்டே வரும். வளைவுல வேகம் கொறையும், கொறைஞ்ச எடத்துல மண்ணு எறங்கிடும். சாதாரண தூறல் நாள்லதான் இது நடக்குது, பெருமழையில இல்ல, ஏன்னா தூறல்ல தண்ணிக்கு மண்ணத் தள்ளுற சக்தி கெடையாது. எறங்குன மண்ணுல கொட்டை சிக்கும், கொட்டையில நாரு சிக்கும், நாரு வலையா விரிஞ்சதும் அப்பறம் வர்ற இலை ஒண்ணு கூடத் தப்பாது. ஆக இலைதான் அடைச்சுச்சுன்னு நாம நெனைக்கிறோம், அது கடைசியா வந்து கதவ சாத்துன ஆளு, அஸ்திவாரம் போட்டது மண்ணு. இதனாலதான் இலைய மட்டும் பொறுக்கிட்டு மாடித் தூசியக் கூட்டாம விடுறவங்க வீட்டுலயும் ரெண்டு மூணு வருஷத்துல பைப் அடைக்குது.

பாதி அடைச்சா பாதி தண்ணி போகும்னு நெனைக்கிறதும் தப்புக் கணக்கு. பொறியாளர்கள் வழக்கமா பாக்குற அட்டவணைப்படி மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்துல பெய்யுற மழைக்கு 4 இன்ச் எறங்கு பைப் ஒண்ணு சுமார் 85 சதுர மீட்டர் கூரையத் தாங்கும், 3 இன்ச் பைப்புன்னா சுமார் 40 சதுர மீட்டர்தான். ஒரு இன்ச்சுதான் வித்தியாசம், தாங்குற அளவு பாதிக்கும் கீழ போயிடுது. அப்ப 4 இன்ச் பைப்புக்குள்ள சுத்தி அரை இன்ச் படிஞ்சா நீங்க காசு கொடுத்து வாங்குன பைப் 3 இன்ச் பைப்பா ஆயிடுச்சுன்னு அர்த்தம். அதுலயும் ஆயிரம் சதுரடிக்கு ஒரே ஒரு பைப் விட்டிருக்குற வீடுகள் சுத்தமா இருக்கும்போதே விளிம்புல நிக்குது, 93க்கு 85 பத்தாது இல்லையா. மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துக்குப் போனா இந்த அளவெல்லாம் இன்னும் பாதி. புது வீடு கட்டுறவங்க ரெண்டு மூலையில ரெண்டு பைப் விட்டுடுங்க, ஒண்ணு அடைச்சாலும் இன்னொண்ணு காப்பாத்தும்.

அப்படி எறங்காத தண்ணி மாடியில நின்னா அது சும்மா நிக்காது. ஆயிரம் சதுரடியில 10 சென்டிமீட்டர் தண்ணி தேங்குனா ஒம்பது டன்னுக்கு மேல எடை, ஒரு சுமை லாரிய மாடியில ஏத்தி நிறுத்துறதுக்குச் சமம். நல்லாக் கட்டுன தளம் தாங்கிக்கும், பழைய கட்டடத்துக்கு, கம்பி துருப்பிடிச்ச தளத்துக்கு இது நல்லதில்ல. எடைய விட்டாலும், தட்டோட்டு இடுக்கு வழியா மெதுவா உள்ள எறங்குற ஈரம் கம்பியத் துருப்பிடிக்க வச்சு, அது உப்பி, நாலஞ்சு வருஷத்துல ஹால் சீலிங்குல சிமெண்டு பேந்து விழும்போதுதான் நமக்குத் தெரியவரும். கைப்பிடிச் சுவத்துல தளத்துலேர்ந்து ரெண்டு மூணு இன்ச் மேல ஒரு ஓட்டை போட்டு சின்ன பைப் துண்டு வெளிய நீட்டி வச்சா, உள்பைப் அடைச்சாலும் தண்ணி அந்த வழியா வெளிய கொட்டும், தெருவுல போறவங்க திட்டுனாலும் பரவாயில்ல, அடைப்பு இருக்குன்னு நமக்கும் தெரிஞ்சுடும். அந்த ஓட்டையில வருஷா வருஷம் குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டும், அதையும் குத்தி விட்டுக்கணும்.

பைப் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சுக்க இன்னொரு அடையாளம் வெளிச்சுவர். மழை வந்தப்ப மட்டும் ஒரு ஜாயிண்டுல தண்ணி பீச்சுதுன்னா ஜாயிண்டு கெட்டுப் போச்சுன்னு எம்-சீல் பூசிடுறாங்க. அடைப்புக்கு மேல பைப்புல தண்ணி ஏறி நின்னு, அதோட அழுத்தம்தான் அந்த ஜாயிண்டப் பொளக்குது. மழைநீர் பைப்ப ஒட்டுற சொல்யூஷன் போடாம சும்மா சொருகி வச்சிருக்குற வீடுதான் அதிகம், அது ஒழுகத்தான் செய்யும். ஒழுகுற எடத்த விட்டுட்டு அதுக்குக் கீழ உள்ள வளைவத் தேடணும்.

மூணாவது எடம்தான் டெல்டாவுல ஆள ரொம்ப கொழப்புறது, தரையோட போற படுக்கை பைப்பும் அது போயி விழுற குழியும். பைப்புக்கு நூத்துக்கு ஒண்ணாவது வாட்டம் (சரிவு) இருக்கணும், பத்தடிக்கு ஒரு இன்ச்சுக்கு மேலன்னு வச்சுக்கங்க. அவசரத்துல பொதைச்ச பைப்புல அது இருக்காது, இருந்தாலும் மேல கார் ஏறி பைக் ஏறி நடுவுல தொங்கிப் போயிருக்கும், அந்தத் தொங்கல்ல வண்டல் நெறைஞ்சிடும். வருஷா வருஷம் மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடி வாய்க்கால் தூர்வாரலன்னு நாம சத்தம் போடுறோம், மறியல் பண்றோம், தல மடையில தண்ணி புரண்டு ஓடியும் கடைமடைக்கு வராதது ஏன்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், நம்ம வீட்டு பைப்புக்கும் ஒரு கடைமடை இருக்குங்குறது மட்டும் யாருக்கும் தோண மாட்டேங்குது.

குழி விஷயத்துல மண்ணு வாகு பாக்கணும். திருவையாறு, கும்பகோணம் பக்கம் ஆத்து மணல் கலந்த வண்டல் இருக்குற எடத்துல குழியில விட்ட தண்ணி கண்ணெதிர எறங்கிடும். திருவாரூர், நாகை பக்கம் கீழ போகப் போக களிமண்ணு, அதுல தண்ணி எறங்க நாளாகும். அது மட்டுமில்ல, கார்த்திகை வந்துட்டா வயல் எல்லாம் தண்ணி, நிலத்தடி நீர் மட்டமே தரைக்கு கிட்ட வந்து நிக்கும், அப்ப குழிக்கு கீழ எடமே இல்ல, எறங்கச் சொன்னா எங்க எறங்கும்? அந்த நேரம் பைப்புல தண்ணி எதுத்து நிக்கிறதப் பாத்துட்டு அடைப்புன்னு பைப்ப ஒடைச்சவங்க உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல. குழி மூடியத் தொறந்து பாருங்க, மூடி வரைக்கும் தண்ணி தளும்புனா குழி தண்ணிய உள்வாங்கலன்னு அர்த்தம், பைப்புல தண்ணி நின்னும் குழி காஞ்சு கெடந்தா அடைப்பு பைப்புல. குழி நெறைஞ்சிருந்தாலும் ரெண்டு விதம் உண்டு. மழை விட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சும் மேல் மணல் மேல தண்ணி நின்னு, பக்கத்து கெணத்துல மட்டம் நல்லா கீழ இருந்தா மேல் மணல்ல வண்டல் படிஞ்சு தோலா மூடிருச்சு, மேல உள்ள அரையடி மணல அள்ளிட்டு கழுவிப் போட்டா சரியாயிடும். கெணத்து மட்டமும் மேலயே இருந்தா அது இயற்கை, ஒண்ணும் பண்ண வேண்டாம், உபரி தண்ணி வெளிய போக வழி இருந்தா போதும்.

அதனாலயே கீழ டெல்டாவுல, கடலோரத்துல குழிய விட தொட்டிதான் பிரயோஜனம்னு எனக்குத் தோணுது. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் போரு போட்டா உப்புத் தண்ணி, மணல் மேட்டுல மேலாப்புல மட்டும் மழைத்தண்ணி உப்புக்கு மேல மிதந்து நிக்கும், ஆழமா உறிஞ்சுனா உப்பு ஏறிடும். அங்க மாடித் தண்ணியப் பிடிச்சு வச்சா சமையலுக்கும் குடிக்கவும் ஆகும். ஆனா குழிக்குப் போற தண்ணிக்கும் தொட்டிக்குப் போற தண்ணிக்கும் சுத்தத்துல ஒரே சட்டம் கெடையாது. குழிக்குப் போனா மண்ணு வடிகட்டிடும். தொட்டிக்குப் போற இலை அங்கயே ஊறி, டீத்தண்ணி நெறம் வந்து, அடியில சேறா மக்கி, காத்து கெடைக்காம அழுகுன முட்டை வாடை அடிக்கும், புறா எச்சம் காக்கா எச்சம் கரைஞ்சு வந்தா அதுல வயித்துப்போக்கு கிருமி வரும். ஆகவே தொட்டி வச்சவங்களுக்குத்தான் மொத மழையத் தள்ளி விடுற வேலை கட்டாயம்.

எவ்வளவு தள்ளணும்? பொதுவா மொத ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மழை மாடியக் கழுவிட்டுப் போகும்னு கணக்கு, ஆயிரம் சதுரடிக்கு நூறுலேர்ந்து இருநூறு லிட்டர். பைப்புல மூணு வாய் உள்ள 'டீ' துண்டு ஒண்ணு போட்டு கீழ ஒரு துண்டு பைப்பும் முனைய மூட எண்டு கேப்பும் மாட்டிட்டு மொதத் தண்ணி அதுல நின்னுடும்னு சொல்லி விட்டுடுறாங்க. 4 இன்ச் பைப் ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் எட்டு லிட்டர்தான் பிடிக்கும், நூறு லிட்டருக்கு 12 மீட்டர் போல பைப் வேணும், யாரு வீட்டுலயும் அவ்வளவு எடம் இருக்காது. நடைமுறையில அதுக்கு 200 லிட்டர் டிரம்மு வைக்கலாம், அது நெறைஞ்ச அப்பறம்தான் தண்ணி தொட்டிக்குத் திரும்புற மாதிரி, டிரம்மு அடியில ஒரு சின்ன டேப்பு, மழை விட்டதும் தொறந்து விட்டு செடிக்குப் பாய்ச்சிடலாம். டேப்ப தொறக்க மறந்தா அடுத்த மழைக்கு டிரம்மு ஏற்கனவே நெறைஞ்சு கெடக்கும், அழுக்கு நேரா தொட்டிக்குத்தான். இது முடியாதவங்க தொட்டிக்குப் போற பைப்ப மொத கால் மணி நேர நல்ல மழைக்குக் கழட்டி வெளிய விட்டுட்டு அப்பறம் மாட்டுங்க, எங்க பாட்டி காலத்துல முற்றத்துல அண்டாவ வைக்கிறதுக்கு முன்னாடி கூரை கழுவி ஓடட்டும்னு காத்திருந்தது இதே காரணத்துக்குத்தான்.

முற்றம்னதும் ஓட்டு வீட்டப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன், தெருவுக்கு நாலு வீடாவது இன்னும் இருக்கே. நாலு பக்கமும் தாழ்வாரம் எறங்கி முற்றத்துல கொட்டுற வீட்டுல ரெண்டு சரிவு சேர்ற மூலை, கூடல்வாய், அதுதான் உயிர்நிலை. அந்தத் தகரத்துல இலையும் ஒடைஞ்ச ஓட்டுச் சில்லும் சேந்தா தண்ணி பக்கவாட்டுல ஓட்டுக்கு அடியில ஏறி நேரா சட்டத்துல எறங்கும், மரம் உளுத்துப் போறது பெரும்பாலும் அந்த மூலையிலதான் ஆரம்பிக்கும். கூடல்வாய்ல பாசி, அரசங்கன்னு மொளைச்சா கையோட பிடுங்கிடணும், ஒரு வருஷம் விட்டா வேர் இடுக்குல எறங்கிடும், அப்பறம் பிடுங்கும்போது ஓடும் சேந்து வரும். முற்றத்து ஜலதாரை வாயில பித்தளை ஜாலி இருந்தா அத எடுத்துட்டு பாக்கணும், அடியில தேரை குடித்தனம் நடத்தும், தேரை இருக்குற எடத்துக்கு பாம்பு வரும், கைய விடாம குச்சிய விட்டுப் பாருங்க.

இப்ப எப்ப சுத்தம் பண்றதுங்குற கேள்வி. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது பாத்துக்கலாம்னு விடுறாங்க, அது ரொம்ப லேட்டு, ஐப்பசி அடைமழை வந்துடும். ஆடிக்காத்து ஓஞ்ச உடனே ஆவணியில ஒரு தடவை நல்லாக் கூட்டிடணும், குறுவை அறுப்பு முடிஞ்சதும் புரட்டாசி கடைசியில இன்னொரு தடவை. ஆவணி புரட்டாசியில சாயங்காலம் இடி மின்னலோட வர்ற மழை இருக்கே, அத ஒத்திகையா எடுத்துக்கலாம், ஒரு மழை நேரத்துல குடையப் பிடிச்சுக்கிட்டு கீழ பைப் முனையில போயி நின்னு தண்ணி எப்படி வருதுன்னு பாத்தா போதும், மழை நல்லா அடிக்கையில பைப் முனையில நூலா வந்தா எங்கயோ பிடிச்சிருக்கு. மழை இல்லாத நாள்ல ரெண்டு வாளித் தண்ணிய மாடி வாயில வேகமா ஊத்திட்டு ஒருத்தர் கீழ நின்னு பாக்கலாம்.

கூட்டும்போது பைப் வாய்ல ஒரு பழைய துணிய உருட்டி அடைச்சுட்டுக் கூட்டுங்க, இல்லாட்டி கூட்டுற வேகத்துல பாதிக் குப்பை உள்ள போயிடும். எதுத்த மூலையிலேர்ந்து கூட்டி அள்ளி சாக்குல கட்டி எறக்கணும், தண்ணிய அடிச்சுத் தள்ளி விடக்கூடாது. அள்ளி முடிச்சதும் துணிய எடுத்துட்டு மோட்டார் போட்டு டியூப் விட்டு பைப்புக்குள்ள தண்ணி அடிக்கணும், கீழ எண்டு கேப்ப கழட்டி வச்சிருக்கணும், குழிக்கோ தொட்டிக்கோ அந்த சேறு போகக் கூடாது. எண்டு கேப்பே இல்லாத பைப்பா இருந்தா அடுத்த தடவை பிளம்பர் வரும்போது சாதா எல்போவ எடுத்துட்டு டோர் எல்போ போடச் சொல்லுங்க, ஒரு மூடி வச்சிருக்கும், திருகித் தொறந்து கைய விட்டு வாரிடலாம், அறுக்க வேண்டியதில்ல. நீள அடைப்புக்கு மூங்கில் பிளாச்சு நுனியில துணி சுத்தி கீழேர்ந்து மேல குத்துறது நல்லது, மேலேர்ந்து குத்துனா அடைப்பு இன்னும் இறுகிடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் அழுத்திச் சொல்றேன், மூடி வச்சிருந்த தொட்டிக்குள்ள, சம்புக்குள்ள தனியா ஆள் எறங்கவே கூடாது. இலை மக்கி வெஷக்காத்து தங்கியிருக்கும், மூச்சுத் திணறி உள்ள விழுந்தவரக் காப்பாத்தப் போனவங்களும் சேந்து செத்த சேதி எத்தனை படிச்சிருக்கோம். முடிஞ்ச வரைக்கும் வெளியில இருந்தே மோட்டார் வச்சு சேத்த எறைச்சிடுங்க. பாசி பிடிச்ச மாடி ஓரம், சர்வீஸ் ஒயர் தொங்குற பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மேல ஏறுறது, இதுலயும் ஜாக்கிரதை, ஷீட்டு நம்ம எடைக்கு சொல்லாம உடையும்.

கொசு விஷயம் எல்லாரும் சொல்றதுதான், ஆனா ஒரு சங்கதி பலருக்குத் தெரியாது. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையில முட்டை போடாது, ஓரளவு தெளிஞ்ச தண்ணியிலதான், அடைச்ச தகரக் கால்வாய், தொங்கிப் போன பைப், மூடாத டிரம்மு எல்லாம் அதுக்குப் பிடிச்ச எடம். முட்டை தண்ணி மட்டத்துக்கு ஒட்டி ஓரத்துல ஒட்டியிருக்கும், காஞ்சு போனாலும் மாசக் கணக்குல உசுரோட இருக்கும், மறுபடி தண்ணி ஏறுனா பொரிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவா பறந்துடும். அதனால தண்ணிய மட்டும் கொட்டிட்டு வச்சா பத்தாது, டிரம்மு உள்பக்கத்த தேங்கா நாரு போட்டு அழுத்தித் தேய்க்கணும்.

புயல் அடிச்ச வருஷத்துக்கு மேல சொன்ன கால அட்டவணை எல்லாம் செல்லாது. 2018 நவம்பர் 16ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப ஒரே ராத்திரியில ஓடு பறந்து, தென்னை சாஞ்சு, மாடி மேல மட்டை, குரும்பை, மண்ணு, தகரம்னு குமிஞ்சு போச்சு. அந்த மாதிரி நாளைக்கு மறுநாள் மழை விட்டுச்சேன்னு பைப்ப அப்படியே விடாம, தொட்டிக்குப் போற வழிய மொதல்ல துண்டிச்சிடணும், கடலோரத்துல காத்தோட வந்த உப்புத் தூறலும் மாடியில படிஞ்சிருக்கும், மாடிய ஒரு தடவை முழுசாக் கழுவி வெளிய விட்டப்பறம்தான் மறுபடி இணைக்கணும். புயல் எச்சரிக்கை வந்த அன்னிக்கே ஜாலிய ஒரு தடவை பாத்துட்டு, மாடியில இருக்குற பூந்தொட்டி, காயப்போட்ட சாக்கு, ஒடைஞ்ச பிளாஸ்டிக் சேர் எல்லாத்தையும் எறக்கிட்டா பாதி வேலை அப்பவே முடிஞ்சுது. மார்கழி கடைசியில மழை நின்னதும் டிரம்மக் கவுத்து வச்சு, எண்டு கேப்பத் தொறந்து விட்டு, பைப் வாய்க்கு கோழிவலை ஒண்ணு கட்டிடுங்க, அணில் கூடு கட்டுறது தையிலேர்ந்துதான் எங்க தெருவுல மும்முரமா நடக்கும்.